காட்டை விழுங்கும் உண்ணிச்செடி வீட்டில் சோஃபா ஆவது எப்படி? மாரண்டஹள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வீட்டை அலங்கரிக்கணும் என்று தேடினால் மூங்கில், பிரம்பு, கோரைப்பாய் என்று ஒரே பட்டியல்தான் வரும். எல்லாம் நல்ல பொருட்கள்தான். ஆனால் அவற்றை வெட்டினால் மறுபடி வளர்க்க வேண்டும். வெட்டினால் காட்டுக்கே நல்லது என்று சொல்லக்கூடிய ஒரு செடியிலும் நாற்காலி, சோஃபா செய்கிறார்கள். அதுதான் உண்ணிச்செடி.

அது எந்தச் செடி?

மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள காட்டோரங்களில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. ஒரே கொத்தில் மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று குட்டிப் பூக்கள், சொரசொரப்பான இலை, பழுத்தால் கறுப்பாகும் காய். இலையைக் கசக்கினால் ஒரு நெடி அடிக்கும். லாண்டானா என்றால் நர்சரிக்காரர்களுக்குத் தெரியும்.

இதன் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கா. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு அழகாக இருக்கும் என்று ஆங்கிலேயர்கள் கொண்டு வந்தார்கள். அழகுக்கு வந்தது காட்டுக்குள் புகுந்துவிட்டது. இந்தியாவில் சுமார் 1.54 லட்சம் சதுர கிலோமீட்டர் காட்டில் இது பரவியிருப்பதாக 2020-ல் வெளியான ஒரு ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.30 லட்சம் சதுர கிலோமீட்டர்தான்!

இது அடர்ந்து வளரும் இடத்தில் புல் முளைக்காது. இலையில் நச்சு இருப்பதால் மாடு தின்றால் நோய்ப்படும். மான், யானைக்கும் இது தீவனம் ஆகாது. பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கும் காட்டில் மேய எதுவும் இருக்காது.

மாரண்டஹள்ளியில் நடந்தது

2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே விவசாய நிலத்தில் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. கூட வந்த 2 குட்டிகள் மட்டும் தப்பின. செத்துக் கிடந்த யானைகளைச் சுற்றியே அந்தக் குட்டிகள் நின்ற காட்சியைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்தச் சாவுக்குக் காரணம் மின்வேலி. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யானை ஏன் வயலுக்கு வருது என்று கேட்டால் பதில் நீளும். தண்ணீர், துண்டாகிப்போன வழித்தடம், கேழ்வரகும் வாழையும் தரும் ருசி... காட்டுக்குள் தீவனம் குறைந்ததும் அதில் ஒன்று. உண்ணிச்செடியின் பங்கு அங்கேதான் வருகிறது.

சோஃபா ஆவது எப்படி?

ஒகேனக்கலில் காவிரியைத் தாண்டினால் கர்நாடகாவின் மாதேஸ்வரன் மலைக் காடு. அங்கே உள்ள சோளகர் மக்களுக்கு 2004 முதல் பெங்களூரு ஏட்ரீ ஆய்வு நிறுவனம் இந்த வேலையில் பயிற்சி கொடுத்தது. மூங்கில் கிடைப்பது குறைந்த நேரத்தில் அது கைகொடுத்தது.

நேராக வளர்ந்த தண்டுகளை வெட்டி, பெரிய பாத்திரத்தில் போட்டு வேகவைக்கிறார்கள். வெந்தால் பட்டை சுலபமாக உரியும், தண்டும் வளைந்து கொடுக்கும். சூடு ஆறுவதற்குள் வளைக்க வேண்டும், ஆறிவிட்டால் விறைத்துவிடும். தடித்த தண்டுகள் சட்டத்துக்கு, மெல்லியவை இருக்கைக்கும் சாய்மானத்துக்கும். ஆணி அடித்து இணைத்து, மேலே வார்னிஷ் பூசினால் பிரம்பு நாற்காலிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் விலை பிரம்பைவிடக் குறைவு.

நம்ம நீலகிரி மாவட்டம் கூடலூரில் பழங்குடிக் கலைஞர்கள் இதே குச்சியில் நிஜ யானை அளவுக்குச் சிலைகள் செய்கிறார்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்ற அந்த யானைகள், 2024-ல் அமெரிக்காவுக்கும் போயின.

அப்போ சோஃபா வாங்கினால் காடு சரியாகிவிடுமா?

இல்லை. இதைக் கொஞ்சம் நேர்மையாகச் சொல்லணும். நாற்காலிக்கு நேரான தண்டுதான் வேண்டும், அது புதரில் ஒரு சிறு பகுதி. மேலே வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். செடி ஒழிய வேண்டுமென்றால் மண்ணுக்குக் கீழே வேர்க்கட்டையோடு எடுத்து, அந்த இடத்தில் புல்லை வளர்க்க வேண்டும். அது அரசு செய்ய வேண்டிய வேலை. அந்நியச் செடிகளை அகற்றத் தமிழ்நாடு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. சோஃபாவால் உறுதியாகக் கிடைப்பது காட்டோர மக்களுக்குக் கூலி. அதுவே வாங்குவதற்குப் போதுமான காரணம்.

வாங்கும்போது கவனிக்க

பட்டை முழுசாக உரித்திருக்கிறதா என்று பாருங்கள், பூச்சி ஒளிய இடம் கிடைப்பது அங்கேதான். ஆணித் தலை வெளியே நீட்டக் கூடாது, புடவை கிழியும். கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டால் வீடு துடைக்கும் தண்ணீர் குச்சியில் ஏறாது. மழைச் சாரல் படும் வராண்டா, மொட்டை மாடிக்கு இது வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஊற்றிக் கழுவாதீர்கள்.

நாமே வெட்டிக்கொள்ளலாமா?

உங்கள் பட்டா நிலத்தில் வளர்ந்திருந்தால் வெட்டலாம். காப்புக்காட்டில், களைச்செடிதானே என்று அனுமதி இல்லாமல் புகுந்து வெட்டினால் வழக்கு வரும். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் ஒரு பகுதி 2022 முதல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம், அங்கே விதிகள் இன்னும் கடுமை. முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.