ஃபிளாட்டுக்கு வாட்டர் ஹீட்டர் வாங்குறீங்களா? லிட்டர் கணக்குக்கு முன்னாடி வோல்டேஜையும் தண்ணியையும் பாருங்க!

கார்த்திகை, மார்கழி வந்தால் சீர்காழியிலும் விடியற்காலையில் பச்சைத் தண்ணியில் குளிக்க யாருக்கும் மனசு வராது. தனி வீடு என்றால் கொல்லையில் விறகு வைத்து ஒரு அண்டா தண்ணி காய்ச்சிவிடலாம். ஃபிளாட்டில் அது நடக்காது. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் சோலாரும் சுலபமில்லை. சமையலுக்கு சிலிண்டர் இருக்கலாம், ஆனால் ஜன்னல் சரியில்லாத சின்ன பாத்ரூமில் கேஸ் கீசர் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்து. மிச்சம் இருப்பது கரண்ட் ஹீட்டர்தான்.

இன்ஸ்டன்ட்டா, ஸ்டோரேஜா?

3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரில் நிமிடத்துக்கு 3 லிட்டர் தண்ணி ஓடினால், அது சுமார் 14 டிகிரி சூடேறும். ஊட்டிக் குளிருக்கு இது பத்தாது. டெல்டாவில் மேல்தொட்டித் தண்ணி 25 டிகிரி இருந்தால், குழாயில் 39 டிகிரி வரும். குளிக்க அது போதும்.

சிக்கல் வோல்டேஜில் இருக்கிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 தான் வந்தால், 3 கிலோவாட் ஹீட்டர் சுமார் 2.3 கிலோவாட் வேலைதான் செய்யும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே சூடு கால்வாசி போய்விடும். இன்ஸ்டன்ட்டில் அப்போது வெதுவெதுப்புதான் மிஞ்சும். ஸ்டோரேஜில் அந்தப் பிரச்னை இல்லை, நேரம்தான் கூடும். 2 கிலோவாட், 15 லிட்டர் ஹீட்டர் 25 டிகிரி தண்ணியை 55 டிகிரிக்குக் கொண்டுவர 16 நிமிடம் ஆகும் என்றால், 200 வோல்ட்டில் 21 நிமிடம் ஆகும். அவ்வளவுதான்.

அதனால் காலையில் லைட்டு மங்குகிற, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிற ஃபிளாட் என்றால் யோசிக்காமல் ஸ்டோரேஜ் வாங்கலாம். நாலு பேர் குடும்பத்துக்கும் 15 லிட்டர் போதும். அந்த வெந்நீரைப் பச்சைத் தண்ணியோடு கலந்தால் கிட்டத்தட்ட 30 லிட்டர் குளிக்கிற சூட்டில் கிடைக்கும். அடுத்தவர் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். 25 லிட்டர் இந்த ஊருக்கு வீண் செலவு.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

20 லிட்டர் வாளி ஒன்றை 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் மூன்றில் ஒரு பங்கு யூனிட் ஆகும். எந்த வகை ஹீட்டராக இருந்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான். நாலு பேர், தினமும் ஆளுக்கு ஒரு வாளி என்றால் இரண்டு மாதத்தில் 80 யூனிட் கூடும். ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீடு இதில் 500-ஐத் தாண்டிவிடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில், 500 தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த கட்டணச் சலுகையும் போய்விடும்.

ஸ்டார் மதிப்பீடு, தொட்டியில் நிற்கும் வெந்நீரிலிருந்து எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்பதைத்தான் காட்டுகிறது. கால் மணி நேரம் போட்டு அணைக்கிறவர்களுக்கு இதனால் பெரிய லாபமில்லை. நாள் முழுக்க ஆனிலேயே விடுகிற வீட்டில் 5 ஸ்டார் அவசியம்.

உப்புத் தண்ணி

கடல் பக்கத்தில் இருப்பதால் போர் தண்ணி பல இடங்களில் உப்புச் சுவைதான். அந்த உப்பு காயிலில் படிந்தால் தண்ணி சூடாக நேரமாகும், கடைசியில் காயிலே போய்விடும். கண்ணாடிப் பூச்சு கொடுத்த தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பி, தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துகொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்த்து, கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வாரன்டி அட்டையில் இதற்கென நிபந்தனை இருக்கிறதா என்று வாங்கும்போதே படித்துவிடுவது நல்லது.

"8 பார் தாங்கும்" என்று சொல்லி விலையைக் கூட்டினால் யோசியுங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம்தான். பிரஷர் பம்ப் இல்லாத மூன்று மாடிக் கட்டடத்துக்கு அது தேவையே இல்லை.

பிளக், எர்த்

3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்ப்ஸ் இழுக்கும், 2 கிலோவாட் கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ். சாதாரண 6 ஆம்ப்ஸ் பிளக்கில் மாட்டினால் உருகிவிடும். தனி ஒயர், 16 ஆம்ப்ஸ் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி இருந்தால்தான் ஹீட்டரையே மாட்ட வேண்டும். வாடகை வீட்டில் எர்த் ஒயர் பேருக்கு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கலாம், எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். சேஃப்டி வால்வில் தண்ணி சொட்டுகிறது என்று யாரும் அதை அடைத்துவிடக் கூடாது. அழுத்தம் வெளியேறும் வழியே அதுதான்.

வாளியில் போடும் ராடு மலிவுதான். ஆனால் எர்த் இல்லாத வீட்டில் ஓட்டை ராடு வாளித் தண்ணியிலேயே கரண்டைப் பாய்ச்சும். சூடாச்சா என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம்தான் ஆளைக் கொல்கிறது. ராடுதான் கதி என்றால் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணியைத் தொடுங்கள்.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அப்படித் தண்ணி புகுந்தால், ஹீட்டர் சுவரில் உயரத்தில் இருந்தாலும் கீழே இருக்கும் பிளக்கும் ஒயரும் நனைந்திருக்கும். தரைத்தள ஃபிளாட்டில் பிளக்கையும் உயரத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும் வரை ஹீட்டர் சுவிட்சைப் போடாதீர்கள்.