கீமோதெரபி பக்கவிளைவுகள்
கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய்ச் செல்களோடு மயிர்க்கால், வாய், குடலின் உட்படலம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் நலமான செல்களும் பாதிக்கப்படுவதால் பக்கவிளைவுகள் தோன்றுகின்றன.

குமட்டலைத் தடுக்க ஒண்டான்செட்ரான் போன்ற மருந்துகள் உண்டு. சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதும் உதவும். வாய்ப்புண் வந்தால் காரம், புளிப்பைத் தவிர்த்து, உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் கொப்பளிக்கலாம்.

கீமோதெரபி மருந்து செலுத்திய பிறகு, பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களில் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அப்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் (100.4 பாரன்ஹீட்) தொட்டால் அது அவசரநிலை, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உதிர்ந்த முடி, சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் மீண்டும் வளரும். சிஸ்பிளாட்டின், பாக்ளிடாக்செல் போன்றவற்றால் ஏற்படும் கைகால் மரத்துப்போதல் நீண்டகாலம் தொடரக்கூடும். அதைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்வது நல்லது.