வங்கிக்கு வழிவிட்ட தேவாலயம்

இலண்டன் மாநகரின் திரெட்நீடில் தெருவில் கோட்டை போல் எழுந்து நிற்கும் இங்கிலாந்து வங்கியைப் படத்திலேனும் பாராதவர் குறைவு. சாளரமற்ற அதன் நெடுஞ்சுவருக்கு உட்புறமாகிவிட்ட நிலத்தில், ஐந்நூறு ஆண்டுகள் ஒரு தேவாலயம் நின்றிருந்தது என்பதை அறிந்தவர் அதனினும் குறைவு.

புனித கிறிஸ்தோபர் ஆலயம் என்பது அதன் பெயர். அருகிருந்த ஸ்டாக்ஸ் சந்தையின் பெயரையும் சேர்த்து ‘கிறிஸ்தோபர் லெ ஸ்டாக்ஸ்’ என்று வழங்கினர். 13-ஆம் நூற்றாண்டிலேயே அதனைப் பற்றிய குறிப்புக் கிடைக்கிறது. 1666-ஆம் ஆண்டின் பெருந்தீ அதனையும் எரித்தது. எஞ்சிய சுவர்களைக் கொண்டு சிற்பி கிறிஸ்தோபர் ரென் 1671-இல் மீண்டும் எழுப்பினார். தீக்குப்பின் ரென் கட்டிய ஆலயங்களுள் முன்னதாக முடிந்தவற்றில் அதுவும் ஒன்று. முதலில் இடிக்கப்பட்டதும் அதுவே.

1734-இல் வங்கி அதன் அண்டைவீட்டுக்காரனாக வந்து சேர்ந்தது. வணிகம் பெருகப் பெருக, பக்கத்து மனைகளை வாங்கிக்கொண்டே போயிற்று. வீடுகள் போயின; வீடுகளோடு குடிகளும் போயினர். குடிகளற்ற பங்கில் மணியோசை கேட்டு வருவார் யார்? ஆயினும் ஆலயத்தை வீழ்த்தியது வங்கியின் இடப்பசி மட்டுமன்று, அச்சமுங்கூட.

கத்தோலிக்கருக்கு விதித்திருந்த தடைகள் சிலவற்றை 1778-ஆம் ஆண்டுச் சட்டமொன்று தளர்த்தியது. அதனை நீக்கக் கோரி, 1780 ஜூன் 2-ஆம் நாள், ஜார்ஜ் கார்டன் பிரபு பெருங்கூட்டத்துடன் பாராளுமன்றம் நோக்கிச் சென்றார். மனுக் கொடுக்கச் சென்ற கூட்டம் மாலைக்குள் தீவைக்கும் கூட்டமாயிற்று. அயல்நாட்டுத் தூதர்களின் கத்தோலிக்கச் சிற்றாலயங்கள் எரிந்தன. நியூகேட் சிறை எரிந்தது. 7-ஆம் நாள் வங்கியையே தாக்க முற்பட்டோரைப் படையினர் சுட்டு விரட்டினர். அந்த ஒரு வாரத்தில் மாண்டவர் ஏறத்தாழ 300 பேர். (கார்டன் பிரபு பின்னாளில் யூத சமயம் தழுவி, 1793-இல் அதே நியூகேட் சிறையிலேயே இறந்தார் என்பது தனிக்கதை.)

கலவரம் அடங்கியபின் வங்கி இயக்குநர்களின் பார்வை ஆலயக் கோபுரத்தின்மேல் விழுந்தது. இன்னொரு கூட்டம் அதன்மீது ஏறி நின்று வங்கியைச் சுட்டால்? 1781-இல் பாராளுமன்றச் சட்டம் பெற்று, ஆலயத்தையும் நிலத்தையும் வங்கி எடுத்துக்கொண்டது. விரைவில் கோபுரம் மண்ணோடு மண்ணாயிற்று. புராட்டஸ்டண்ட் சமயத்தைக் காக்கிறோம் என்று கிளம்பியவர்களால் ஒரு புராட்டஸ்டண்ட் ஆலயமே இல்லாமற் போயிற்று! அவர்கள் அதன்மேல் ஒரு கல்லையும் எறியவில்லை. எறியவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பங்கினர் லாத்பரியிலுள்ள புனித மார்கரெட் ஆலயத்தோடு இணைக்கப்பட்டனர். மோசே, ஆரோன் (நாம் மூஸா, ஹாரூன் என்போமே, அவர்கள்தாம்) ஆகியோரின் பழைய ஓவியங்கள் அவர்களோடு அங்கே சென்றன.

ஆலயத்தைச் சேர்ந்த கல்லறை நிலத்தை, நம் வழக்கில் சொன்னால் மையவாடியை, வங்கி தன் உள்முற்றத் தோட்டமாக்கிக்கொண்டது. ஆறரை அடிக்கும் மேல் உயரமான வங்கி எழுத்தர் ஒருவர், பிணந்திருடிகளுக்கு அஞ்சி, அங்கேயே தம்மை அடக்கம் செய்யும்படி கேட்டுக்கொண்டார். 1798-இல் அவ்வாறே அடக்கினர். வங்கியின் காவலில் பிணமும் பத்திரம் என்று எண்ணினார் போலும்! அந்த உறக்கமும் நீடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வங்கியைப் புதுப்பித்துக் கட்டியபோது, 1933-இல், அங்கு எஞ்சியிருந்தோரைத் தோண்டியெடுத்துத் தென் இலண்டனின் நன்ஹெட் இடுகாட்டுக்குக் கொண்டுசென்றனர்.

கலவர ஆண்டில் வங்கிக்கு வந்த படைக்காவல் மட்டும் 1973 வரை இரவுதோறும் தொடர்ந்தது.