பழக்கிய போராளி: செஞ்சி வட்டாரச் சேவல் நடுகல் முதல் கணினிச் சண்டை வீரன் வரை

தான் களத்தில் இறங்காமல், தனக்காகச் சண்டையிட ஒன்றைப் பழக்கிப் போட்டிக்கு அனுப்பும் வழக்கம் மிகப் பழையது. சேவல், ஆட்டுக்கிடா, காடை ஆகியவை இவ்வாறு பழக்கப்பட்டன. இன்று அந்த வரிசையில் கணினி விளையாட்டுகளின் சண்டை வீரர்களும் சேர்ந்துள்ளனர். திரையில் தோன்றும் வீரனை மனிதர் இயக்குவதில்லை; முன்னதாகவே பயிற்சி கொடுத்து விட்டுவிடுகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. களத்தில் விடும்வரைதான் பழக்கியவருக்கு வேலை. விட்ட பிறகு அவரும் பார்வையாளரில் ஒருவர்.

இவ்வழக்கத்துக்குத் தமிழகத்தில் கிடைத்துள்ள மிகப் பழைய கல்வெட்டுச் சான்றுகளில் ஒன்று செஞ்சி அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

அரசலாபுரம் கல்

போரில் இறந்த வீரனுக்குக் கல் நடுவது தமிழர் மரபு. ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ உயிர்விட்டவர்களுக்கு எழுப்பிய நடுகற்கள் திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி, விழுப்புரம் பகுதிகளில் மிகுதி. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் கிடைத்த கல்லும் ஒரு நடுகல்தான். ஆனால் அதில் செதுக்கப்பட்டிருப்பது வாளேந்திய வீரன் அன்று, ஒரு சேவல். முகையூரின் மேற்சேரிக்காகப் போரிட்டு இறந்த கோழி அது என்று உடனுள்ள எழுத்துகள் கூறுகின்றன. (பழந்தமிழில் கோழி என்ற சொல் சேவலையும் குறிக்கும்.) தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து வடிவம் என்பதால், ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று இக்கல்லைக் கணிக்கின்றனர்.

இதற்கு இணையான இன்னொரு கல் செங்கல்பட்டுப் பகுதியில் இந்தளூரில் கிடைத்தது. அது கீழ்ச்சேரிக் கோழிக்கு எடுக்கப்பட்டது. அதில் வரும் பொற்கொற்றி என்பதை அந்தச் சேவலின் பெயராகவே ஆய்வாளர்கள் கொள்கின்றனர். கொற்றம் என்றால் வெற்றி. பந்தயச் சேவலுக்கு ஏற்ற பெயர்தான்.

இரண்டு கற்களிலும் ஊரின் பகுதியான சேரி குறிக்கப்படுவது கவனிக்கத்தக்கது. ஒன்றில் மேற்சேரி, மற்றொன்றில் கீழ்ச்சேரி. சேவல் சண்டை தனிமனிதர் இருவரின் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருந்தால், இறந்த பறவைக்குக் கல் நட வேண்டிய தேவை எழுந்திராது. ஊரின் ஒரு பாதி மற்றொரு பாதியை எதிர்த்து நின்றபோது, அந்தப் பாதியின் மானத்தைச் சுமந்துகொண்டு சேவல் களமிறங்கியிருக்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபோர்டு கீர்ட்ஸ், பாலித் தீவின் சேவல் சண்டையைப் பற்றி 1972இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இதையே காண்கிறோம். அங்கே தன் உறவினரின் சேவலுக்கு எதிராக யாரும் பந்தயம் கட்டுவதில்லை. களத்தில் மோதுவன பறவைகள் ஆயினும் உரசிக்கொள்வது குடும்பங்களின் கௌரவம் என்கிறார் அவர். பாலியில் கண்டதை 1500 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழகத்துக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. எனினும் மேற்சேரி என்ற ஒரு சொல் அந்தத் திசையைத்தான் காட்டுகிறது.

செஞ்சி நகரை அடுத்த திருநாதர்குன்றில் ஏறத்தாழ இதே காலத்து எழுத்தில் வேறொரு கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்னும் சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்ததை அது கூறுகிறது. எறும்புக்கும் தீங்கு நினையாத துறவிக்கு ஒரு கல்வெட்டு, சண்டையில் மாண்ட சேவலுக்கு ஒரு கல்வெட்டு. பழைய தொண்டை நாட்டையும் நடுநாட்டையும் ஒரே நிறத்தில் எழுத முயல்வோர் இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

விலங்குக்கு மரியாதை செய்த நடுகல் வேறும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில், இறந்த வீரனுடன் கோவிவன் என்ற அவனது நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் காத்த நாய் அது. ஆனால் அந்த நாய் தன் தலைவனோடு சேர்ந்து நிற்கிறது. அரசலாபுரத்துச் சேவலின் அருகில் யாரும் இல்லை.

விடுபவரும் விலக்குபவரும்

சேவற்போர் ஒழுங்குபடுத்தப்பட்ட போட்டியாகச் சங்க காலத்திலேயே இருந்தது என்பதைக் குறுந்தொகையின் 305ஆம் பாடல் மறைமுகமாகச் சொல்கிறது. காதல் நோயால் வாடும் தலைவி, தன் நிலையைக் குப்பைமேட்டில் தாமாகச் சண்டையிடும் கோழிகளுக்கு ஒப்பிடுகிறாள். அந்தச் சண்டையைத் தொடங்கி வைப்பாரும் இல்லை, இடையில் புகுந்து விலக்குவாரும் இல்லை. இந்த உவமையாலேயே புலவருக்குக் குப்பைக்கோழியார் என்ற பெயர் நிலைத்தது. அவரது இயற்பெயர் மறைந்தது. குப்பைக்கோழியின் சண்டையில் இல்லை என்று தலைவி சொல்வதெல்லாம் முறையான சேவற்போரில் இருந்தவை. அங்கே களத்தில் விட ஆள் உண்டு, நேரம் பார்த்து விலக்கவும் ஆள் உண்டு. நடுவர் என்ற சொல் இல்லாமலே நடுவர் இருந்ததை இப்பாடலிலிருந்து அறிகிறோம்.

ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை, போட்டி வெற்றிகளைத் தனித்தனித் துறைகளாக வகுக்கும்போது கோழிவென்றி, தகர்வென்றி, பூழ்வென்றி ஆகியவற்றுக்கும் இடம் தருகிறது. தகர் ஆட்டுக்கிடாய், பூழ் காடை. யாழிசையில் வெல்வதும் சூதில் வெல்வதும் அதே பட்டியலில் உள்ளன.

பழக்கும் முறை

பந்தயச் சேவல் வளர்ப்போர் முதலில் பார்ப்பது வம்சம். அசில் என்ற நாட்டு இனமே பெரும்பாலும் பயன்படுகிறது. இறகின் நிறத்தை வைத்துக் காகம், மயில், கீரி, செவலை, வல்லூறு என்று பெயர் சொல்வார்கள். தந்தைச் சேவலைவிடத் தாய்க்கோழியின் குணமே குஞ்சில் தங்கும் என்று நம்புகிறவர்கள் பலர்; நல்ல பெட்டையை விலைக்குக் கொடுக்க மாட்டார்கள்.

வளர்ந்த சேவலைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காலில் கயிறிட்டுத் தனியே கட்டுகிறார்கள். கம்பு, கேழ்வரகு, சோளம் அளவாகக் கொடுக்கிறார்கள். மூச்சுக்கும் இறக்கை வலுவுக்கும் தண்ணீரில் நீந்த விடுகிறார்கள். வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுத்து உடம்பைப் பிடித்துவிடுகிறார்கள். பிறகு காலின் முள்ளைத் துணியால் சுற்றி மூடி, வேறொரு சேவலுடன் சிறிது நேரம் மோதவிட்டுப் பார்க்கிறார்கள்.

பழக்குபவரின் திறமை தெரிவது இந்தக் கடைசிப் படியில்தான். ஒரு சேவல் தலையைக் குறிவைக்கும், இன்னொன்று மார்பில் அடிக்கும், மற்றொன்று எதிரி களைக்கும்வரை காத்திருக்கும். அது பறவையின் இயல்பு. அதை மாற்றிவிட முடியாது. இயல்பை அறிந்து, அதற்கேற்ற உடல்வலுவைச் சேர்த்து, ஏற்ற எதிரியோடு ஜோடி போடுவதே பழக்குபவர் செய்யக்கூடியது. களத்திலும் அவருக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான் மிச்சம்: தண்ணீர் காட்டும் இடைவேளை. அந்தச் சில நிமிடங்களில் நீர் தெளித்து, காயத்தைத் துடைத்து, மீண்டும் விட வேண்டும். தோற்ற சேவலைக் கோச்சை என்பார்கள்; அது வென்றவருக்குச் சேரும்.

வெறுங்காலோடு மோதவிடுவது ஒரு முறை, காலில் கத்தி கட்டி விடுவது மற்றொரு முறை. இரண்டாவதில் சண்டை சில நொடிகளிலும் முடியும். பறவை மட்டுமன்றி அருகில் நிற்கும் ஆளும் வெட்டுப்படக்கூடும். பல மாத உழைப்பைச் சில நொடிக் கத்தி வீச்சில் தொலைக்கும் இந்த முறையைப் பழக்கும் கலையின் வளர்ச்சி என்று சொல்ல இயலாது. விலங்குகளைச் சண்டையிடத் தூண்டுவதை 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் ஏறுதழுவலுக்கு விலக்களித்ததே தவிர, சேவல் சண்டையை அதில் சேர்க்கவில்லை. ஆயினும் பொங்கல் நாட்களில் கரூர் மாவட்டம் பூலாம்வலசு போன்ற ஊர்களின் பெயர் செய்திகளில் வருவதுண்டு. வெற்றிமாறன் இயக்கிய ஆடுகளம் திரைப்படம் (2011) மதுரைப் பின்னணியில் இவ்வுலகைக் காட்டி ஆறு தேசிய விருதுகளைப் பெற்றது. அதன் கதையே, பழக்கியவருக்கும் சீடனுக்கும் இடையில் வெற்றி யாருடையது என்ற பூசல்தான்.

செஞ்சியின் குதிரை

செஞ்சிக் கோட்டைக்குள் குதிரை லாயமும் உடற்பயிற்சிக் கூடமும் இன்றும் காணக் கிடைக்கின்றன. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இளம்வயதில் மடிந்த தேஜ் சிங், மக்கள் நாவில் தேசிங்குராஜன் ஆனார். யாருக்கும் அடங்காத குதிரையை அவர் அடக்கினார் என்று கதைப்பாடல் தொடங்குகிறது. அவருடைய குதிரையும் தோழர் மகமத்கானின் குதிரையும் மக்கள் நினைவில் பெயரோடு வாழ்கின்றன. குதிரையும் பழக்கப்பட்ட போராளிதான். ஆனால் அதன் முதுகில் ஆள் இருக்கிறார், கடிவாளம் அவர் கையில் இருக்கிறது. சேவலுக்குக் கடிவாளம் கிடையாது. கணினி விளையாட்டுகள் குதிரையிலிருந்து சேவலுக்கு வந்த வரலாறு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது.

கணினி வீரனைப் பழக்குதல்

1991இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, இருவர் எதிரெதிரே நின்று மோதும் சண்டை விளையாட்டை உலகெங்கும் பரப்பியது. (கைகால் நீளும் தால்சிம் என்ற இந்திய யோகி அதில் ஒரு வீரர்.) அங்கே வீரன் குதிரை போன்றவன், ஆட்டக்காரர் பொத்தானை அழுத்தினால்தான் அடிப்பான். எதிரே கணினி இயக்கும் வீரன் நின்றாலும், அவன் செயல்கள் நிறுவனத்தார் எழுதிவைத்தவை. ஆட்டக்காரர் அவனுக்கு எதையும் கற்பிக்க முடியாது.

சேகா நிறுவனத்தின் விர்ச்சுவா ஃபைட்டர் 4 (2001) வீட்டுக் கருவிக்கு வந்தபோது புதிய வசதி ஒன்று இருந்தது. ஆட்டக்காரர் ஒரு வீரனைத் தன்னோடு மோதவிட்டுப் பழக்கலாம். அவன் செய்தது சரியென்றால் பாராட்டலாம், தவறென்றால் கண்டிக்கலாம். வகுப்பறையில் நடப்பதும் இதுதான். 2014இல் நின்டென்டோ வெளியிட்ட அமீபோ பொம்மைகள் இதை இன்னும் எளிதாக்கின. பொம்மையின் அடியிலுள்ள சில்லில் வீரனின் பயிற்சி பதிவாகும். சண்டையிடச் சண்டையிட 50 நிலைகள் வரை வளரும். இவற்றைப் பழக்குவோர் தமக்குள் போட்டிகளும் நடத்துகிறார்கள். அங்கே உரிமையாளர்கள் பொத்தானைத் தொடுவதில்லை. 2018இல் வந்த அடுத்த பதிப்பில், போதுமான அளவு பழகிய பிறகு கற்றலை நிறுத்திவைக்கும் வசதியும் சேர்ந்தது. நன்றாகப் பழகிய வீரன், தவறான எதிரிகளோடு மோதித் தவறானவற்றைக் கற்றுவிடக் கூடும் அல்லவா!

பல்கலைக்கழக அளவில் முதன்மையானது ஜப்பானின் ரிட்சுமெய்க்கான் பல்கலைக்கழக ஆய்வகம் உருவாக்கிய ஃபைட்டிங்ஐஸ். 2013 முதல் ஐஇஇஇ அமைப்பின் கணினி விளையாட்டு மாநாடுகளில் இதில் போட்டிகள் நடந்துள்ளன. போட்டியாளர் அனுப்புவது ஒரு நிரலை மட்டுமே. ஒரு நொடிக்கு 60 காட்சிகள் ஓடும். ஒவ்வொரு காட்சிக்கும், அதாவது ஏறத்தாழ 16.67 மில்லிநொடிக்குள், நிரல் தன் அடுத்த செயலை முடிவு செய்ய வேண்டும். அந்த நேரத்துக்குள் ‘நான் உதைத்தால் அவன் என்ன செய்வான், அதற்கு நான் என்ன செய்வேன்’ என்று பல எதிர்காலங்களைப் போட்டுப் பார்த்து, ஆதாயம் மிகுந்த கிளையைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. இதை மான்டி கார்லோ மரத் தேடல் என்பர். முன்கூட்டியே ஆயிரக்கணக்கான சண்டைகளில் மோதவிட்டு, அடித்தால் மதிப்பெண் கூட்டியும் அடிபட்டால் குறைத்தும் பழக்குவது மற்றொரு வழி.

போட்டியின் நேர்மைக்காகச் செய்த ஏற்பாடுகளே இங்கு மிகச் சுவையானவை. கணினிக்கு மனிதரைப்போல் கண் சிமிட்டும் தாமதம் இல்லை. எதிரி கை ஓங்கிய கணத்திலேயே தடுத்துவிடும். ஆகவே களத்தின் நிலை 15 காட்சிகள், அதாவது கால் நொடி, தாமதமாகவே நிரலுக்குத் தெரிவிக்கப்படுகிறது. அடுத்து, ஒரே எதிரியோடு பழகிய நிரல் அவனை மட்டும் வெல்லக் கற்று, புதியவன் முன் திணறும். இதைச் சோதிக்க, போட்டியின் வீரர்களில் ஒருவனது அடிவகை விவரங்களை முன்னதாக வெளியிடாமல் வைத்திருந்தார்கள். மனப்பாடம் செய்த மாணவனைக் கண்டுபிடிக்கும் வினாத்தாள் போன்ற ஏற்பாடு இது. 2022இல் இதிலிருந்து கிளைத்த டேர்ஃபைட்டிங்ஐஸ் போட்டியில் நிரலுக்குக் காட்சி விவரம் கிடையாது. ஒலியை மட்டும் கேட்டுச் சண்டையிட வேண்டும்.

பந்தயமும் பின்னாலேயே வந்தது. 2013இல் தொடங்கிய சால்டி பெட் தளத்தில், மியூஜென் என்ற இலவச மென்பொருளில் ஆர்வலர்கள் உருவாக்கிய வீரர்களைக் கணினியே இயக்கி மோதவிடுகிறது. பார்ப்பவர்கள் கற்பனைப் பணத்தைப் பந்தயம் கட்டுகிறார்கள். உண்மைப் பணமும் இல்லை, குருதியும் இல்லை. ஆரவாரம் மட்டும் சேவற்களத்தில் கேட்பதுதான். 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8, ஆட்டக்காரரின் பழக்கங்களைக் கவனித்து அவரைப்போலவே சண்டையிடும் நிழலை உருவாக்குகிறது. அங்கே பழக்குபவர் தன்னையே பழக்கி அனுப்புகிறார்.

ஃபைட்டிங்ஐஸ் முடிவுப் பட்டியலில் நிரலின் பெயரோடு அதை எழுதிய குழுவும் குறிக்கப்படும். அரசலாபுரம் கல்லில் ஊரின் பெயர் உண்டு, சேரி உண்டு, சேவலின் உருவம் உண்டு. அதை நீந்தவிட்டு, ஒத்தடம் கொடுத்து, கையில் ஏந்திக் களத்துக்குக் கொண்டுவந்தவரின் பெயர் இல்லை.