காவலர் கையில் ஒரு வடம்

வேப்பூர் கூட்டுரோட்டில் நாலு திசைக்கும் வண்டி கிடைக்கும். வடக்கே உளுந்தூர்பேட்டை, தெற்கே பெரம்பலூர், கிழக்கே விருத்தாசலம், மேற்கே சின்னசேலம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடினால் திரும்பிய பக்கமெல்லாம் கயிறுதான். ஆட்டுக்குத் தும்பு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, சுமை வண்டிக்குக் கட்டுக்கயிறு. இந்தக் குடும்பத்திலேயே பெரியது வடம். இந்தப் பக்கத்து மக்கள் அதை வருஷத்துக்கு ஒருமுறை விருத்தாசலத்தில் விருத்தகிரீசுவரர் கோயில் மாசி மகத் தேரோட்டத்தில் தொட்டுக் கும்பிட்டு இழுப்பார்கள். அதே வடம் இன்னோர் இடத்திலும் வருஷந்தோறும் வெளியே வரும். அது காவல்துறை விளையாட்டு விழா.

உளுந்தூர்பேட்டையில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 10-ஆம் அணி இருக்கிறது. கடலூரில் மாவட்ட ஆயுதப்படை இருக்கிறது. மாவட்டம், சரகம், மண்டலம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் காவலர் விளையாட்டுப் போட்டிகளில் ஓட்டம், தாண்டுதல், குண்டு எறிதல், கபடி, கைப்பந்து எல்லாம் உண்டு. கயிறு இழுத்தல் பெரும்பாலும் கடைசியில் வைக்கப்படும். அதுவரை பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கோட்டருகே வருவது அதற்குத்தான். அந்த வடத்தின் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

அது தேங்காய் மட்டையில் பிறக்கிறது. மட்டையை ஊறப்போட்டு, அடித்து, சோற்றைப் பிரித்து நாரை எடுக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பல கோயில்களுக்குத் தேர்வடம் திரித்துக் கொடுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். நாரை இழையாக்கி, இழைகளைச் சேர்த்து ஒரு பக்கமாக முறுக்கினால் புரி. மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு. ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். அப்படி அது அவிழ முயலும் திசையிலேதான் மூன்றும் சேர்ந்து இறுகுகின்றன. குட்டையான நார், பசை இல்லாமல், முடிச்சு இல்லாமல், நூறடிக்கு மேல் நீண்டு தேரை நகர்த்துவது இந்த எதிர்முறுக்கால்தான். கயிறு திரிப்பவர் கையைக் கிட்டத்தில் பார்த்தால் இது புரியும். முறுக்கு எங்கே தளர்கிறது என்பதை அவர் கண்ணால் பார்ப்பதில்லை, உள்ளங்கையால் அறிகிறார்.

போட்டி வடத்துக்கு இன்னொரு பிறப்பிடமும் உண்டு. பிலிப்பைன்ஸில் வளரும் அபாக்கா என்ற வாழை இனத்துச் செடியின் நாரிலிருந்து மணிலாக் கயிறு வருகிறது. பாய்மரக் கப்பல் காலத்தில் உலகமெங்கும் அது பரவியது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கப்பல்களிலும் படைமுகாம்களிலும் கயிறு இழுத்தல் முறையான பந்தயமாக வளர்ந்தது. சென்னை மாகாணக் காவல்துறை 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. படையின் அணிவகுப்பும் பயிற்சியும் எப்படிக் காவல்துறைக்குள் வந்தனவோ அப்படியே பட்டாளத்து விளையாட்டுகளும் வந்தன.

வடம் காவலர் கையில் பெற்ற பெரிய பெருமை லண்டனில் கிடைத்தது. 1900 முதல் 1920 வரை கயிறு இழுத்தல் ஒலிம்பிக் போட்டியாக இருந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் லண்டன் நகரக் காவல்துறைக்கு, வெள்ளி லிவர்பூல் காவல்துறைக்கு, வெண்கலம் லண்டன் பெருநகரக் காவல்துறையின் கே பிரிவுக்கு. மூன்று பதக்கமும் காவலர்களுக்கே! முதல் சுற்றில் லிவர்பூல் அணியிடம் தோற்ற அமெரிக்கர்கள், எதிராளிகளின் பூட்ஸ் விதிக்குப் புறம்பானது என்று புகார் சொன்னார்கள். அவை காவலர்கள் தினமும் ரோந்துக்குப் போட்டுக்கொண்டு போன கனத்த பூட்ஸ்தான் என்று முடிவாகி, புகார் தள்ளுபடியானது. எனக்கு இந்தப் பூட்ஸ் விவகாரம் மிகவும் பிடித்தது. தெருத்தெருவாக நடந்து தேய்ந்த வேலைக் காலணியோடு ஒலிம்பிக் திடலில் இறங்கிய மனிதர்கள் அவர்கள். 1912 ஸ்டாக்ஹோமில் அதே லண்டன் நகரக் காவலர்களை, ஸ்டாக்ஹோம் காவலர்கள் நிறைந்த ஸ்வீடன் அணி தோற்கடித்தது. இடையில் ஒரு உலகப்போர் வந்துபோனது. 1920 ஆன்ட்வெர்ப்பில் லண்டன்காரர்கள் மறுபடியும் தங்கம் வென்றார்கள். எட்வின் மில்ஸ், ஜேம்ஸ் ஷெப்பர்ட், ஃப்ரெடரிக் ஹம்ஃப்ரீஸ் என்ற மூன்று காவலர்கள் 1908, 1912, 1920 மூன்றிலும் அதே வடத்தைப் பிடித்தவர்கள். 12 ஆண்டுகள்! ஓட்டக்காரருக்கு அவ்வளவு ஆயுள் கிடைப்பது அரிது. அதன்பிறகு ஒலிம்பிக்கிலிருந்து வடம் போய்விட்டது.

ஒலிம்பிக் கைவிட்டாலும் விளையாட்டு சாகவில்லை. 1960-இல் சர்வதேசக் கயிறு இழுத்தல் கூட்டமைப்பு தொடங்கியது. 1981-இல் தொடங்கிய உலக விளையாட்டுகளில் இது இடம்பிடித்தது. அந்தக் கூட்டமைப்பின் விதிப்படி வடத்தின் சுற்றளவு 10 முதல் 12.5 சென்டிமீட்டர், நீளம் குறைந்தது 33.5 மீட்டர். நடுவில் சிவப்புப் பட்டை, இருபுறமும் 4 மீட்டரில் வெள்ளை, 5 மீட்டரில் நீலம். முடிச்சு போடக்கூடாது, கைப்பிடி வைக்கக்கூடாது. ஒரு பக்கம் எட்டுப் பேர். எதிரணியை 4 மீட்டர் இழுத்தால் வெற்றி. எட்டுப் பேரின் மொத்த எடையை வைத்து 640 கிலோ, 720 கிலோ என்று பிரிவுகள்.

நம் ஊர்ப் போட்டிகளில் இந்த எடைக்கணக்கு அநேகமாகப் பார்ப்பதில்லை. உடம்பு கனத்தவர்களைப் பார்த்துப் பொறுக்கி நிறுத்துகிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. கயிறு இழுத்தல் கையால் ஆடும் ஆட்டம் இல்லை. கை வடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவே. இழுப்பது கால். குதிகாலை மண்ணில் பதித்து, முழங்காலை மடக்கி, முதுகைப் பின்னால் சாய்த்து, எட்டு உடம்பும் ஒரே கோணத்தில் ஒரே சமயத்தில் அசைய வேண்டும். கடைசி ஆள் வடத்தை அக்குளுக்கடியில் விட்டு, முதுகின் குறுக்கே ஏற்றி, மறுதோளின் மேலாக வாங்கிக்கொள்கிறார். தரையில் உட்கார்ந்தால் தப்பு. கைமாற்றிக் கைமாற்றி ஏறினாலும் தப்பு. நல்ல அணி இழுப்பதைவிட அதிக நேரம் தாங்கி நிற்கிறது. எதிரணி மூச்சை விடும் கணத்துக்காகக் காத்திருந்து ஒரு அடி எடுக்கிறது. ஆயுதப்படைத் திடல் ஒன்றில் நான் பார்த்த போட்டியில், வெளியே நின்று குரல் கொடுத்த ஏட்டையா ஒருவர் தன் ஆட்களைப் பார்க்கவே இல்லை. எதிர்ப்பக்கத்து முதல் ஆளின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது லேசாக நிமிர்ந்தது. "ஏய்... ஹோ!" என்றார். வடம் ஒரு முழம் வந்துவிட்டது.

வடம் ஆளைக் கெடுத்த கதையும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். நைலான் வந்தபிறகு, மலிவு, மழைக்கு அழுகாது என்று பல இடங்களில் அதையே போட்டிக்கும் எடுத்தார்கள். நைலான் இழுக்க இழுக்க நீளும். நீண்ட அளவுக்கு விசையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அறுந்தால் அத்தனையும் ஒரே வீச்சில் திரும்பி அடிக்கும். 1978-இல் அமெரிக்காவின் ஹாரிஸ்பர்க்கில் பள்ளிப் பிள்ளைகள் பெருங்கூட்டமாகச் சேர்ந்து இழுத்த நைலான் வடம் அறுந்து, பலர் விரல் நுனியை இழந்தார்கள். 1997-இல் தைபேயில் 1,600-க்கும் மேற்பட்டோர் இழுத்த வடம் அறுந்ததில் இருவரின் இடக்கை துண்டானது. வடத்தைக் கையில் சுற்றிக்கொள்ளாதே என்ற பழைய கட்டளை இதனால் இன்னும் முக்கியமாகிறது. நம் காவலர் திடல்களில் வடம் வாங்குபவர்கள் அதிகம் நீளாத மணிலா நார்வடத்தையே வாங்க வேண்டும். மழை ஈரத்தில் கிடந்து உள்புரி இற்றுப்போன வடத்தைக் கழிக்க மனம் வர வேண்டும். நார்வடம் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே மக்கியிருக்கும். புரியை லேசாகத் திருகிப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனாலே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர், உதவி ஆய்வாளர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அதனால்தான் 1951 முதல் நடக்கும் அகில இந்தியக் காவல்துறைப் போட்டிகளுக்கு அனுப்பத் தரமான வீரர்கள் கிடைக்கிறார்கள். ஆனால் மீதிப் பேர்? 14 மணி நேரம் பந்தோபஸ்து நின்றுவிட்டு, நெடுஞ்சாலை விபத்தில் ஆள் தூக்கிவிட்டு, வாரண்ட்டோடு கோர்ட்டுக்கு அலைந்துவிட்டு வரும் நாற்பது வயதுக்காரருக்கு நூறு மீட்டர் ஓட்டத்தில் இடமில்லை, நீளம் தாண்டுதலிலும் இல்லை. அவருக்கு மிச்சமிருக்கும் மைதானம் இந்த 33.5 மீட்டர் வடம். 1973-இல் தமிழ்நாட்டுக் காவல்துறைக்குள் வந்த பெண்களின் வழிவந்தவர்களுக்கும் அப்படித்தான். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய பெண் காவலர் தடகளத்தை விட்டுவிடலாம், வடத்தை விட வேண்டியதில்லை. அதனால்தான் இதைக் கடைசி நேர வேடிக்கையாக நடத்துவது எனக்கு வருத்தம் தருகிறது. காலையில் பெயர் கேட்டு, மதியம் அணி சேர்த்து, சாயங்காலம் இழுக்கச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்ளும், உள்ளங்கைத் தோல் உரியும். இரண்டு மாதம் முன்பே எட்டுப் பேரை எடைபோட்டு நிறுத்தி, வாரம் இரண்டு நாள் கால் பதிக்கப் பழக்கினால் போதும். மரக்கிளையில் கப்பி மாட்டி, எடைக்கல் கட்டி இழுத்துப் பழகலாம். செலவும் பெரிதில்லை.

உலகக் காவல்துறை, தீயணைப்புத் துறைப் போட்டிகள் 1985-இல் அமெரிக்காவின் சான் ஹோசேயில் தொடங்கின. 2029-இல் அவை குஜராத்துக்கு வருகின்றன. அங்கே கயிறு இழுத்தலில் இறங்க இந்தியாவுக்கு இப்போது நல்ல வாய்ப்பு. இறங்குவதற்கு முன் அணி வேண்டும். இந்த ஆண்டு மாவட்ட அளவில் நடக்கும் போட்டியிலிருந்தே எடைப்பிரிவு வைத்துத் தொடங்கினால், நான்கு மண்டலத்திலிருந்தும் பழகிய எட்டுப் பேர் கிடைத்துவிடுவார்கள். அவர்களில் ஒருவர் வேப்பூர் ஸ்டேஷனிலிருந்தும் போகலாம்.