மதுரையும் இசையும் – 14: கோணல் முத்து

பழங்காநத்தம் ரவுண்டானாவில் பஸ் ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் திருமலை நாயக்கர் மஹால் வந்துவிடும். மஹால் எழுந்த ஆண்டு 1636. அதற்கு அடுத்த ஆண்டு இத்தாலியின் வெனிஸ் நகரில், சீட்டு வாங்கிய எவரும் உட்கார்ந்து கேட்கலாம் என்று முதல் ஆபரா அரங்கு திறந்தது. அதுவரை ஆபரா என்னும் இசை நாடகம் அரண்மனைக்காரர்களின் சொத்து. அந்தக் கலைக்கு உயிர் கொடுத்த மான்டிவெர்டி, அப்போது எழுபது வயதில், அதே ஊர் தேவாலயத்தில் இசைத் தலைவராக இருந்தார்.

1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசைக்குப் பரோக் என்று பெயர். போர்த்துக்கீசிய மொழியில் கோணலான முத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். முத்துக்காகத் தூத்துக்குடிக் கரையைப் பிடித்துக்கொண்டவர்கள் அல்லவா போர்த்துக்கீசியர்கள்! அலங்காரம் கூடிப்போன கலை என்று பிற்காலத்தார் வைத வசவு, அப்படியே பெயராக நிலைத்துவிட்டது.

அந்த வசவு நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். மேற்கத்திய இசையில் நம் கச்சேரிக்கு மிக அருகில் நிற்பது பரோக்தான். ஹார்ப்சிகார்ட் என்ற விசை வாத்தியத்துக்கு இசையமைப்பாளர் அடிநாதத்தின் ஸ்வரங்களை மட்டும் எழுதி, அதன் பக்கத்தில் சில எண்களைக் குறித்துவிடுவார். ஹார்ப்சிகார்டில் உட்கார்ந்தவர் அந்த எண்களைப் பார்த்து, மேலே வரவேண்டியதைத் தன் கற்பனையில் அங்கேயே நிரப்ப வேண்டும். பாடகரும் பாட்டின் முதல் பகுதியைத் திரும்பப் பாடும்போது புதுப்புது சங்கதிகளைச் சேர்ப்பார். மனோதர்மம் என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பக்கத்து உறவு அங்கே கிடையாது. நம் சுருதி ஓரிடத்தில் நிற்கிறது, அவர்கள் அடிநாதம் நடந்துகொண்டே இருக்கிறது. பெரிய வேறுபாடு அதுதான்.

வெனிஸில் விவால்டி, ஆதரவற்ற பெண் குழந்தைகளின் இல்லத்தில் வயலின் சொல்லிக்கொடுத்தவர். நான்கு பருவங்களைப் பற்றிய அவருடைய படைப்புகள் 1725-இல் அச்சாயின. அவரோ 1741-இல் வியன்னாவில் வறுமையில் இறந்தார். ஜெர்மனியின் ஹாலே ஊரில் பிறந்த ஹேண்டல் லண்டனில் கொடிகட்டிப் பறந்தார். அதே ஹாலேயில் படித்துவிட்டு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரிதான் சீகன்பால்கு. ஜெர்மானியக் கீர்த்தனை மெட்டுகள் தமிழ்ச் சொற்களோடு ஒலிக்கத் தொடங்கியது அவருடைய மிஷனில்.

ஹேண்டல் பிறந்த அதே 1685-இல் பிறந்தவர் செபாஸ்டியன் பாக். லைப்சிக் நகரில் 27 ஆண்டுகள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு தேவாலயத்துக்கு இசை எழுதினார். தொடக்க ஆண்டுகளில் கிட்டத்தட்ட வாரம் ஒரு புதிய படைப்பு. அப்படி எழுதியவற்றில் பல இன்றும் இருக்கின்றன. அவருடைய பெருந்திறமை ஃபியூக். இரட்டை நாதஸ்வரத்தில் ஒருவர் வாசித்து நிறுத்த, மற்றவர் வாங்கி வாசிப்பார். ஃபியூகில் நிறுத்துவதே கிடையாது. ஒரு குரல் ஒரு மெட்டைச் சொல்லி முடித்ததும், அதே மெட்டை இரண்டாம் குரல் பஞ்சமத்திலிருந்து தொடங்கும். முதல் குரல் ஓயாமல் வேறொன்றைப் பின்னிக்கொண்டே போகும். பிறகு மூன்றாவது, நான்காவது. எந்தக் குரலும் மற்றதற்குப் பக்கவாத்தியம் அல்ல.

1750-இல் பாக் இறந்தார். 17 ஆண்டுகள் கழித்துத் திருவாரூரில் தியாகராஜர் பிறந்தார். இந்த இருவருக்கும் சேர்த்து ஓர் இசைத்தொகுப்பைக் காணிக்கையாக்கியவர் நம் பக்கத்துக்காரர். 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அந்த ஊர் அப்போது மதுரை மாவட்டம். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடைகளில் வாசித்த இளையராஜா, பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். 1986-இல் வெளியான ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பில் ஒரு பகுதிக்கு அவர் வைத்த பெயர், தன் வீட்டில் பாக்கைச் சந்தித்ததாகச் சொல்கிறது. அதில் வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன்.

வீட்டில் சந்தித்தேன் என்கிறாரே, அந்தத் தலைப்பை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். பாக்கை ஐரோப்பாவின் மேதையாக எட்ட நின்று அவர் வணங்கவில்லை. திண்ணைக்கு வந்த உறவினரோடு பேசுவதுபோல ராகத்தில் பேசுகிறார். ராகத்தைப் பின்னணியாக ஒதுக்கவும் இல்லை, பாக்கை அலங்காரமாக ஒட்டவும் இல்லை. இந்த இரண்டு இசைகளையும் சேர்க்க முயன்றவர்கள் பலர். இந்த அளவுக்குச் சமமாக உட்கார வைத்தவர் வேறொருவரை நான் கேட்டதில்லை.

இந்த வாரம் அந்தத் தொகுப்பை ஒருமுறை கேளுங்கள். கேட்டு முடித்ததும், பாக் இரண்டு வயலின்களுக்கு எழுதிய டி மைனர் கான்செர்ட்டோவின் நடுப்பகுதியை, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.