மலையில்லாத ஊரில் மலை: அரசுப் பள்ளியில் கலைக்கல்வியின் இடம்

தொடக்கப் பள்ளிப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்து இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் பெரும்பாலும் வருவது ஒரே படம்தான்: இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்திறங்கும் ஆறு, ஓரமாக ஒரு குடிசை. புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பத்தில் நின்று பார்த்தால் மலை எதுவும் தெரியாது. சூரியன் கடலிலிருந்து எழுகிறது. சுண்ணாம்பாறு கடலைத் தொடுமுன் அகன்று, உப்பங்கழியாகித் தேங்கி நிற்கிறது. கண்முன் இருப்பதை விட்டுவிட்டு யாரோ வரைந்த மலையைப் பிள்ளை வரைவதற்குக் கை வராதது காரணமல்ல. பார்க்க யாரும் பழக்கவில்லை. பார்க்கப் பழக்குவதே கலைக்கல்வியின் முதல் வேலை என்பது என் வாதம்.

கலைக்கு ஆதரவாகப் பேசுவோர் பலரும் வேறொரு வழியில் போகிறார்கள். பாட்டும் ஓவியமும் கற்றால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்கிறார்கள். ஆய்வாளர்கள் எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லாண்டும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2000-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், அந்தக் கூற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 42 பள்ளிகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு சில நன்மைகளைக் காட்டியது: ஒழுங்குமீறல் குறைந்தது, எழுத்துத் திறன் உயர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் கலையின் இடத்தை இதன்மேல் கட்டக் கூடாது. ஓவியத்துக்கு உதவுகிறதா என்று கணக்கை யாரும் கேட்பதில்லையே!

கலை எப்படிப் பார்க்கப் பழக்கும் என்பதற்கு நோணாங்குப்பத்தைச் சுற்றியே சான்று இருக்கிறது. பக்கத்து அரியாங்குப்பத்தில், 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த பழந்துறைமுகமான அரிக்கமேடு இருக்கிறது. அங்கே கிடைத்த புகழ்பெற்ற தட்டுகளின் உள்ளடியில், வட்டத்துக்குள் வட்டமாகச் சிறுசிறு குழிவரிகள் ஓடும். பாடநூலில் அது ஒரு படம், மனப்பாடத்துக்கு ஒரு பெயர். சக்கரத்தில் ஒருமுறை களிமண்ணைத் தொட்ட பிள்ளைக்கோ அது வேறு. சுழலும் மண்மேல் கருவியை அசையாமல் பிடித்தால் வட்டம் தானாக விழும். கை நடுங்கினால் வரி பிசகும். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய குயவரின் கைப்பிடி அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிடும். வரலாற்றுப் பாடத்தால் இதைத் தர முடியாது. வில்லியனூரில் சுடுமண் தொழில் இன்றும் நடக்கிறது. அவ்வூர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. முருங்கப்பாக்கத்தில் கைவினைக் கிராமம், அரியாங்குப்பத்திலேயே பாரதியார் பல்கலைக்கூடம். இவ்வளவும் அருகிருந்தும் பள்ளிக்கும் இவற்றுக்கும் நிலையான பாதை இல்லையென்றால், குறை கால அட்டவணையில்தான்.

சட்டத்திலும் குறை உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அந்தப் 'பகுதிநேரம்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்வி போன்றவற்றுக்காக 16,000-க்கும் மேற்பட்டோர் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டனர். பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி வந்திருக்கிறார்கள். நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், ஒரு பிள்ளையின் கண் மூன்றாண்டில் எப்படி வளர்கிறது என்று எங்ஙனம் கவனிப்பார்?

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அந்த வாரியம் 2019 முதல் கலைக்கு வாரம் இரண்டு பாடவேளையாவது ஒதுக்கச் சொல்கிறது. மற்ற பாடங்களோடு கலையை இணைக்கவும் சொல்கிறது. முதலாவது பெரிய வாய்ப்பு. இரண்டாவதில் ஓர் ஆபத்து இருக்கிறது: அறிவியல் ஆசிரியர் இலையின் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லிவிட்டு, கலைப் பாடம் முடிந்தது எனக் கணக்கு எழுதிவிடலாம். இணைப்பதற்கும் முதலில் கலை தெரிந்த ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும்.

செலவு கட்டாது என்பார்கள். சிறிய பள்ளிகள் மூன்று சேர்ந்து ஓர் ஓவிய ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அவர் நிரந்தரப் பணியில், முழுச் சம்பளத்தில் இருக்க வேண்டும். நோணாங்குப்பத்தில் அவருடைய முதல் வகுப்புக்கு வண்ணப் பெட்டிகூடத் தேவைப்படாது. நீர் வற்றும் வேளையில் பிள்ளைகளை ஆற்றோரம் கூட்டிப்போய், சேறு எத்தனை நிறம் என்று எண்ணச் சொன்னால் போதும்.